டான்யூப் கப்பலில் கடைசி ஒன்றரை நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறும் நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இறங்கும் நாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பில், டிப்ஸ், பெட்டி, பாஸ்போர்ட் என்று குழப்பமெல்லாம் வந்து சேர்வதோ அங்கேதான். கீழே உள்ள பதில்கள், ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரில் தொடங்கி ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்டில் முடியும் ஏழு இரவுப் பயணத்தை மனத்தில் வைத்து எழுதியவை. இந்த வழியில்தான் கூட்டம் அதிகம். ரைன் ஆற்றில் போகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு வழக்கு, பெட்டி கட்டுதல் எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சில மணி நேரங்கள் அதன் வால்பகுதியில் இருக்கின்றன. அந்த நேரத்தில் அறைக்குள் குனிந்து சூட்கேஸின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அநியாயம்.

பயணம் முடியப்போகிறது என்பது கப்பலில் எப்போது தெரியும்?

ஒரு மாலையில் திடீரென்று தெரியும். அதுவரை கதவிடுக்கில் செருகிவைத்த தாளில் மறுநாள் பார்க்கப்போகும் மடாலயமும் திராட்சைத் தோட்டமும் இருந்திருக்கும். அன்று மட்டும் உங்கள் விமான எண், அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம், பெட்டியில் கட்ட வேண்டிய வண்ணச் சீட்டு ஆகியவை இருக்கும். நிகழ்ச்சி மேலாளர் லவுஞ்சில் எல்லோரையும் உட்காரவைத்து, இறங்கும் முறையைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றுவார். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் போய் உட்காருங்கள். பிறகு ரிசப்ஷனில் வரிசைகட்டி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அங்கேயே பதில் சொல்லியிருப்பார்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கரையைப் பாருங்கள். எண் எழுதிய பலகைகள் நின்றுகொண்டிருக்கும். டான்யூபின் கிலோமீட்டர்களைக் கருங்கடல் முகத்துவாரத்தில் பூஜ்ஜியமாகத் தொடங்கி மேல்நோக்கி எண்ணுகிறார்கள். அதனால் ஆற்றோடு இறங்கும் நமக்கு எண் குறைந்துகொண்டே வரும். பஸ்ஸாவ் 2226, வியன்னா 1929, பிராட்டிஸ்லாவா 1869, புடாபெஸ்ட் 1647. மொத்தத்தில் நாம் கடப்பது 579 கிலோமீட்டர். ரயிலில் ஒரு பகலுக்குள் முடிந்துபோகும் தூரத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறோம். சிறுவர்கள் உடன் வந்தால் இந்த எண்களைத் தேடும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், மதியம் முழுக்கத் தொல்லை இராது.

கடைசி லாக் எங்கே வருகிறது? விழித்திருந்து பார்க்க வேண்டுமா?

ஆற்றின் நீர்மட்டம் மாறும் இடத்தில் கப்பலை ஏற்றி இறக்கும் அடைப்புதான் லாக். பஸ்ஸாவுக்குக் கீழே புடாபெஸ்ட்வரை பதினொரு லாக்குகள். கப்பல் ஒரு நீர்த்தொட்டிக்குள் நுழையும், பின்கதவு மூடும், தண்ணீர் வடியும், முன்கதவு திறக்கும். முதல் இரண்டுக்கு எல்லோரும் கேமராவோடு ஓடுவார்கள். ஐந்தாவதுக்கு யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டார்கள். கடைசியானதும் பெரியதும் ஸ்லோவாக்கியாவில் உள்ள காப்சீகோவோ. இதற்கு மட்டும் மறுபடியும் மேல்தளத்துக்குப் போங்கள்.

காரணம் உண்டு. அந்த இடத்தில் கப்பல் பழைய ஆற்றில் போவதில்லை, வெட்டிய கால்வாயில் போகிறது. இருபுறமும் கரை எழுப்பிய அந்தக் கால்வாயின் நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட உயரம். கரைக்கு அப்பால் வீட்டுக் கூரைகளும் மரத்தலைகளும் நமக்குக் கீழே தெரியும். 275 மீட்டர் நீளமும் 34 மீட்டர் அகலமும் கொண்ட லாக்கில் கப்பல் ஏறக்குறைய இருபது மீட்டர் இறங்கும். மேல்தளத்தில் நின்றால் முதலில் தொடுவானம் போகும், பிறகு மரங்கள் போகும், கடைசியில் பாசி படிந்த ஈரச் சுவர் மட்டும் மிஞ்சும். சுவரிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசை நன்றாகக் கேட்கும். கப்பலின் விளிம்பில் நிற்கும் பணியாளர் வயர்லெஸ்ஸில் மாலுமிக்கு இடைவெளியைச் சொல்லிக்கொண்டே இருப்பார். கதவு திறந்ததும் மறுபடி வெளிச்சம்.

இந்த லாக் இருக்கும் அணைக்கு ஒரு வழக்கும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் சேர்ந்து கட்டுவதாக 1977இல் ஒப்பந்தம் போட்டன. ஹங்கேரி 1989இல் பின்வாங்கியது. செக்கோஸ்லோவாக்கியா 1992 அக்டோபரில் ஆற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. விவகாரம் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம்வரை போனது. இரண்டு தரப்பும் சட்டத்தை மீறியிருக்கின்றன என்று 1997 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. காவிரியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புரிய அதிக நேரம் ஆகாது.

சில நிறுவனங்களின் கால அட்டவணையில் இந்த லாக் நள்ளிரவில் வரும். அப்போது படுக்கையிலேயே இருங்கள். கப்பல் பக்கச் சுவரில் உரசும்போது எழும் கனத்த 'தொம்' ஓசையைக் கேட்டால் வந்துவிட்டதென்று அர்த்தம். பயப்பட எதுவுமில்லை.

அதன்பின் புடாபெஸ்ட்வரை என்ன இருக்கிறது?

எஸ்டர்கோம் நகரின் பேராலயம், ஹங்கேரியிலேயே பெரியது. சுமார் 100 மீட்டர் உயரக் குவிமாடம் வெகு தொலைவிலிருந்தே தெரியும். அதன் அடியில் ஸ்லோவாக்கியக் கரைக்குப் போகும் பாலம் 1944இல் தகர்க்கப்பட்டு, 2001வரை அப்படியே கிடந்தது. அப்புறம் கிழக்கு நோக்கி ஓடிவரும் ஆறு மலைகளுக்கு நடுவே தெற்காகத் திரும்பும் டான்யூப் வளைவு, மேலே விஷெகிராட் கோட்டை. இந்த வளைவு உங்கள் அட்டவணையில் பகலில் வருகிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பகலில் வந்தால் அந்த வேளையில் வேறு எந்த நிகழ்ச்சியிலும் பெயர் கொடுக்க வேண்டாம்.

புடாபெஸ்டுக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் நிற்பது?

ஒரே பக்கம் நின்றால் பாதியை இழப்பீர்கள். கப்பல் வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது. இடது கை பக்கம் சமதளமான பெஸ்ட், வலது கை பக்கம் மேடான புடா. மார்கரெட் தீவைத் தாண்டி மார்கரெட் பாலத்தின் அடியில் புகுந்து வெளியே வந்ததும் இடப்பக்கம் நாடாளுமன்றம். 268 மீட்டர் நீளக் கட்டடம் தண்ணீரின் ஓரத்திலேயே நிற்கும். அதை வடிவமைத்த இம்ரே ஷ்டைண்டல் அது முழுமையடைவதற்கு முன்பே 1902இல் இறந்துவிட்டார். அடுத்து 1849இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம். அப்போது வலப்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், மேலே அரண்மனை. பிறகு வெள்ளை நிற எலிசபெத் பாலம், வலப்பக்கம் கெல்லெர்ட் குன்று, அப்பால் பச்சை நிறச் சுதந்திரப் பாலம்.

இந்தப் பாலங்களில் எதுவும் அன்று கட்டியபடியே நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரின் பாலங்களையெல்லாம் தகர்த்தது. சங்கிலிப் பாலத்தை மீண்டும் கட்டி, முதல் திறப்பு விழாவின் நூறாவது ஆண்டு நாளான 1949 நவம்பர் 20இல் திறந்தார்கள்.

இருட்டிய பின் விளக்கொளியில் ஒரு சுற்று அழைத்துப் போவதும் வழக்கம். மேல்தளத்தில் குளிர்காற்று அடிக்கும். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். ஆறு ஏறியிருந்தால் பாலத்தின் அடிப்பாகம் தலைக்கு மேலே மிக நெருங்கி வரும். மாலுமியின் அறை அப்படியே தளத்துக்குள் இறங்கும், கைப்பிடிக் கம்பிகள் மடங்கும். பணியாளர் உட்காரச் சொன்னால் உடனே உட்காருங்கள். படம் எடுக்க எழுந்து நிற்கும் வீரம் வேண்டாம்.

பில்லை எப்போது, எப்படிக் கட்டுவது?

கப்பலில் நீங்கள் வாங்கிய மது, மசாஜ், கூடுதல் சுற்றுலா எல்லாம் அறையின் கணக்கில் ஏறியிருக்கும். கடைசி மாலை அல்லது இரவு அச்சிட்ட பில் வரும். நான் சொல்வது, அதற்கு முந்தைய நாளே ரிசப்ஷனில் ஒரு நகல் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். பக்கத்து அறைக்காரரின் ஷாம்பெயின் உங்கள் கணக்கில் இருந்தால், சாவகாசமாகப் பேசிச் சரிசெய்யலாம். கடைசிக் காலையில் உங்கள் பின்னால் இருபது பேர் நிற்பார்கள்.

கார்டு இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா?' என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்த இயந்திரத்தின் மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். அது எப்போதும் நமக்கு நஷ்டம்தான்.

டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது? கொடுக்காவிட்டால் தவறா?

இந்தக் கேள்விதான் மனிதர்களைக் கடைசி இரவில் தூங்கவிடாமல் செய்கிறது.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சில நிறுவனங்கள் டிப்ஸையும் கட்டணத்தில் சேர்த்தே வாங்கிவிடுகின்றன. அப்படியென்றால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சேர்க்காதவற்றில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 யூரோ என்று பரிந்துரைப்பது பரவலான வழக்கம். கணவன் மனைவி இருவர், ஏழு நாள் என்றால் 140 முதல் 210 யூரோ. இதை முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதிவைத்துவிட்டால் கடைசி நாளில் நெஞ்சு பதறாது.

உறையில் போட்டு ரிசப்ஷனில் உள்ள பெட்டியில் சேர்க்கலாம், கார்டிலும் கட்டலாம். அந்தத் தொகை பொதுவாக எல்லாப் பணியாளருக்கும் பிரியும். நிகழ்ச்சி மேலாளருக்குப் பல கப்பல்களில் தனி உறை. கரையில் நகரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் கப்பல் ஊழியர்கள் அல்லர். அவர்களுக்கு அந்தந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

உணவு பரிமாறியவருக்கும் அறையைச் சுத்தம் செய்தவருக்கும் மட்டும் கையில் திணித்துவிட்டுப் பொதுப் பெட்டியைத் தவிர்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாத்திரம் கழுவுகிறவரும் நள்ளிரவில் லாக்கில் நனைந்துகொண்டு நின்றவரும் உங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள். ருமேனியா, பல்கேரியா, செர்பியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாடுகளிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்கிறவர்கள் இவர்கள். பொதுப் பெட்டியில் முழுத் தொகையைப் போடுங்கள், அதற்குமேல் தனியாக ஒருவருக்குக் கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். மிஞ்சிய நாணயங்களை மட்டும் உறையில் கொட்டிக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு நாணயத்தை எந்த வங்கியும் அவர்களுக்கு மாற்றித் தராது.

பிரியாவிடை விருந்துக்கு என்ன உடுத்துவது?

சட்டையும் முழுக்கால்சட்டையும் போதும், கோட் போட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். பட்டுப்புடவை கட்டினால் அன்றிரவு கப்பலில் அதிகம் படமெடுக்கப்படுபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

விருந்து நீளமானது. கேப்டன் கோப்பையைத் தூக்கிச் சில வார்த்தைகள் பேசுவார். சமையலறையிலிருந்து எல்லோரும் தொப்பியோடு வரிசையாக வெளியே வருவார்கள். ஒரு வாரம் நீங்கள் சாப்பிட்டதைச் சமைத்தவர்களின் முகங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள். கைதட்டல் நீண்டுகொண்டே போகும். சைவ உணவுக்காரர்கள் அன்று காலையிலேயே பரிமாறுபவரிடம் நினைவூட்டுவது நல்லது. அன்றைய பட்டியல் முன்கூட்டியே முடிவானது, இறைச்சியைச் சுற்றியே அமைந்திருக்கும். கடைசி நிமிடத்தில் கேட்டால் வழக்கமான காளான் ரிசோட்டோதான் வரும்.

பெட்டியை இரவே வெளியே வைக்க வேண்டுமா?

விமானம் அதிகாலையில் என்றால் ஆம். மற்றவர்கள் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அறை வாசலில் வைத்தால் போதும். வண்ணச் சீட்டு எந்த பஸ்ஸில் பெட்டி ஏறும் என்பதைச் சொல்வது. நீலம் கட்ட வேண்டியவர் பச்சை கட்டினால், ஆள் விமான நிலையத்திலும் பெட்டி ரயில் நிலையத்திலும் இருக்கும்.

இரவே வைக்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் செய்யுங்கள். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் மறுநாள் காலை உடுத்தப்போகும் ஆடையை, காலணி உட்பட, நாற்காலியில் எடுத்துவையுங்கள். வேகத்தில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணித்து வாசலில் வைத்துவிட்டு, விடியற்காலையில் கப்பல் குளியல் அங்கியோடும் வெறுங்காலோடும் ரிசப்ஷனுக்கு வந்து தன் பெட்டியைத் தேடுகிறவரை நான் பார்த்திருக்கிறேன். ரிசப்ஷன் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 'எத்தனையாவது அறை?' என்றார். பழகிய கேள்வி.

மருந்து, சார்ஜர், பாஸ்போர்ட், நகை ஆகியவை கைப்பையில்.

பாஸ்போர்ட் எங்கே? ஏறியபோது வாங்கிக்கொண்டார்களே!

பத்திரமாக இருக்கிறது. பல கப்பல்களில் பயணம் முழுவதும் ரிசப்ஷனிலேயே வைத்திருப்பார்கள். கடைசி மாலை திருப்பித் தருவார்கள், அல்லது நீங்கள் போய்க் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் பெயரும் படமும் உங்களுடையவைதானா என்று திறந்து பாருங்கள். ஒரே குடும்பப்பெயர் கொண்ட கூட்டம் ஏறியிருந்தால் மாறிப்போக வாய்ப்புண்டு.

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்குமே ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்பதால் நடுவில் எல்லைச் சோதனையை நீங்கள் உணரவே மாட்டீர்கள். வெளியேறும் பதிவு புடாபெஸ்ட் விமான நிலையத்தில்தான். வேறு ஷெங்கன் நகரில் விமானம் மாறினால் அங்கே. ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. வரிசை நீளலாம், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் செர்பியாவரை தொடர்கிறவர்களின் கதை வேறு. செர்பியா ஷெங்கனில் இல்லை, அங்கே சோதனை உண்டு.

கடைசி இரவு கப்பல் நகருமா?

நகராது. விளக்குச் சுற்று முடிந்ததும் துறையில் கட்டிவிடுவார்கள். ஒரு வாரமாகக் கேட்டுப் பழகிய இயந்திர அதிர்வு நின்றுபோய், அதனாலேயே தூக்கம் வராதவர்கள் உண்டு.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். சீசனில் புடாபெஸ்டில் துறை போதாது. இரண்டு, மூன்று கப்பல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டுவார்கள். நீங்கள் வெளிப்பக்கக் கப்பலில் இருந்தால் கரைக்குப் போக அடுத்தவர் கப்பலின் லவுஞ்சையோ மேல்தளத்தையோ கடந்துதான் போக வேண்டும். உள்ளே இருந்தால், காலையில் திரையை விலக்கும்போது கைநீட்டினால் தொடும் தூரத்தில் இன்னொரு ஜன்னலும், அதில் பல் துலக்கும் இன்னொரு மனிதரும் இருப்பார்கள். திரையை மூடிவிட்டு உடை மாற்றுங்கள். பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் அன்றிரவு மட்டும் வீண். இதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை, எந்த இடம் என்பதைத் துறைமுக அலுவலகம் முடிவு செய்கிறது.

காலை எட்டு, ஒன்பது மணிக்கே ஏன் துரத்துகிறார்கள்?

அதே மதியம் மூன்று மணிக்குள் அடுத்த வாரத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால். முகூர்த்த நாளில் ஒரு கல்யாணக் கூட்டம் பின்வாசலில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே முன்வாசலில் அடுத்த கல்யாணத்தின் அண்டாக்கள் இறங்குமே, அந்த மண்டபம்தான் இது.

நேரம் கிடைத்தால் கரையில் நின்று பாருங்கள். நீங்கள் தூங்கிய படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாகச் சலவைக்கு வெளியே போகும். லாரியிலிருந்து காய்கறிப் பெட்டிகளும் பால் டப்பாக்களும் முட்டைத் தட்டுகளும் கைமாறிக் கைமாறி உள்ளே வரும். குடிநீர்க் குழாய் ஒரு பக்கம் மாட்டியிருக்கும். நேற்றிரவு கண்கலங்கி உங்களைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்த பணிப்பெண் வேக்யூம் கிளீனரோடு தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருப்பார். நூற்றுச் சொச்சம் பேர் தங்கிய கப்பலை ஐந்தாறு மணி நேரத்தில் புதிதாக்க வேண்டும். நேற்றைய கண்ணீர் பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வாரமும் இடம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதன்பின் பெரும்பாலும் கப்பல் புதியவர்களோடு மறுபடி மேல்நோக்கிப் பஸ்ஸாவுக்குக் கிளம்பும். நீரோட்டத்தை எதிர்த்து என்பதால் வேகம் குறைவு.

என் விமானம் மாலையில். அதுவரை எங்கே இருப்பது?

பெட்டியைக் கப்பலிலோ கரையிலோ ஒப்படைத்துவிட்டு நடங்கள். பெரும்பாலான துறைகள் நகரின் நடுவிலேயே இருக்கின்றன. சுதந்திரப் பாலத்தின் பெஸ்ட் முனையில் 1897இல் திறந்த பெரிய சந்தை மண்டபம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் காய்கறி, இறைச்சி, மாலை மாலையாகத் தொங்கும் சிவப்பு மிளகாய்; மாடியில் கைவினைப் பொருட்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் திறந்திருக்குமா என்று முன்பே பாருங்கள்.

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றோரத்தில் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள் வரிசையாக இருக்கின்றன. 1944-45இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை ஆற்றங்கரையில் நிறுத்திக் காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். உடல்களை ஆறு கொண்டுபோனது. அதன் நினைவாக 2005இல் அமைத்தவை. ஆண், பெண், குழந்தைக் காலணிகள். இரவில் விளக்குச் சுற்றில் அந்த இடத்தைக் கடந்திருப்பீர்கள், கண்ணில் பட்டிருக்காது. காலையில் நடந்துபோய்ப் பாருங்கள். காலணிகளுக்குள் கால் வைத்துப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம்.

விமான நிலையத்துக்கு எப்படிப் போவது?

நிறுவனத்தின் மூலம் விமானம் பதிவு செய்திருந்தால் பஸ் தயார். தனியாகப் போகிறவர்களுக்கு நகர மையத்தின் டேயாக் சதுக்கத்திலிருந்து 100E பஸ் நேராக விமான நிலையம் போகிறது. அதற்குச் சாதாரண நகர டிக்கெட் செல்லாது, தனி டிக்கெட் வாங்க வேண்டும். நகர டிக்கெட்டோடு ஏறிப் பரிசோதகரிடம் மாட்டுவது பயணத்தை முடிக்க நல்ல வழியல்ல.

வியன்னாவில் வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

ஒரே கடையில் ஆஸ்திரியாவில் 75.01 யூரோ, ஜெர்மனியில் 50.01 யூரோ என்ற வரம்பைத் தொட்டு, கடையிலேயே வரி விலக்குப் படிவம் வாங்கியிருந்தால் கிடைக்கும். சுங்க முத்திரையை வாங்கிய நாட்டில் பெறுவதில்லை, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் பெற வேண்டும். புடாபெஸ்டிலிருந்து துபாய், தோஹா வழியாகப் பறந்தால் புடாபெஸ்டிலேயே. பொருள் பெரிய பெட்டியில் இருந்தால் பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் காட்ட வேண்டும். முதலில் பெட்டியைப் போட்டுவிட்டு வெறும் ரசீதோடு போனால் முத்திரை கிடைக்காது.

ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கில் வாங்கிய ஆப்ரிகாட் ஜாமைக் கையில் எடுத்துப் போகலாமா?

கைப்பையில் வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் ஜாமும் திரவக் கணக்குதான், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் போனால் குப்பைத் தொட்டி. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். ஆப்ரிகாட் மதுவும் அப்படியே. இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர். பாப்ரிகா மிளகாய்ப்பொடிக்குச் சிக்கலில்லை, ஆனால் காரத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

மிச்ச யூரோவை ஃபோரிண்டாக மாற்ற வேண்டுமா?

ஹங்கேரியின் பணம் ஃபோரிண்ட்தான். ஒரே ஒரு நாளுக்காக மாற்றாதீர்கள், கார்டே போதும்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தோ கூடியோ கப்பல் புடாபெஸ்டுக்கு வராமலே போனால்?

நடக்கக்கூடியதுதான். புடாபெஸ்ட் அளவுகோலில் 2013 ஜூனில் நீர்மட்டம் 891 சென்டிமீட்டர், 2018 அக்டோபரில் 33 சென்டிமீட்டர். ஒரே இடத்தில் ஐந்தரை ஆண்டுக்குள் எட்டரை மீட்டர் வித்தியாசம். வெள்ளத்தில் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது, துறைகளும் மூழ்கிவிடும். வறட்சியில் அடி தட்டும். லாக்குகள் உள்ள பகுதிகளில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் வாஹாவ் பள்ளத்தாக்கிலும், வியன்னாவுக்குக் கிழக்கேயும், ஹங்கேரியிலும் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. சிக்கல் அங்கேதான். பஸ்ஸாவுக்கு மேலே ஷ்ட்ராவுபிங் முதல் வில்ஷோஃபன்வரை உள்ள சுமார் எழுபது கிலோமீட்டர் இன்னும் மோசம். ஆகையால் நியூரம்பெர்க்கில் ஏறுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

அப்போது கப்பல்காரர்கள் வழக்கமாகச் செய்வது மாற்றம். தடைக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் அதே அச்சில் வார்த்த இன்னொரு கப்பல். பயணிகள் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி மறுபக்கக் கப்பலில் அதே எண் அறைக்குப் போவார்கள். அதுவும் முடியாவிட்டால் கடைசி நாட்கள் பஸ்ஸும் ஹோட்டலுமாகக் கழியும். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் பல கப்பல்கள் இருந்த இடத்திலேயே கட்டிக் கிடந்தன. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பாதையை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் அவர்கள் எழுதிவைத்திருப்பார்கள். காப்பீடு எடுக்கும்போது நீர்மட்டத்தால் வரும் மாற்றத்துக்கு ஈடு உண்டா என்று கேளுங்கள். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இதற்கு உதவாது.

கடைசி நாளில் உடம்பு முடியாமல் போனால்?

பெரும்பாலான ஆற்றுக் கப்பல்களில் மருத்துவர் கிடையாது. ஆனால் கரை எப்போதும் பக்கத்தில். ரிசப்ஷனில் சொன்னால் உள்ளூர் மருத்துவரையோ ஆம்புலன்ஸையோ வரவழைப்பார்கள். விமானம் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மறைக்காதீர்கள்.

இறங்கும்போது எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

அறைச் சாவி அட்டை, நகர நடையின்போது காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி. ஒலிக்கருவி பெட்டிக்குள் போய்விட்டால் அதன் விலை பில்லில் ஏறும். குடையும் அவர்களுடையதுதான்.

ஏதாவது பொருளை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டால்?

அன்றே கவனித்தால் உடனே கப்பலுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மாலையில் அது வேறு ஊரை நோக்கிக் கிளம்பிவிடும். இரண்டு நாள் கழித்து என்றால் நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கப்பல் பெயர், அறை எண், இறங்கிய தேதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அறை லாக்கரிலும், குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கியிலும், படுக்கைக்கு அடியிலும்தான் பெரும்பாலும் கிடைக்கும். கண்ணாடி, காது கேட்கும் கருவி, மருந்து, ஆவணம் என்றால் கூரியரில் அனுப்புவார்கள், செலவு உங்களுடையது. சார்ஜர் என்றால் விட்டுவிடுங்கள். ரிசப்ஷன் இழுப்பறையில் அது ஏற்கெனவே அடுத்த வாரம் மறந்துவிட்டு ஏறப்போகிறவருக்காகக் காத்திருக்கிறது.